பெமுல்வோயை மேடையேற விடாத நிர்வாகக் குழுவுக்கு

தமிழ்ப் பாடசாலையின் தலைவர், செயலாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

"நாம் வாழும் மண்ணின் வீரர்" என்று இந்த ஆண்டுப் பேச்சுப்போட்டியின் மேற்பிரிவுக்குத் தலைப்புக் கொடுத்தது நீங்கள்தான். அந்தத் தலைப்பை அப்படியே நம்பி, என் வகுப்பு மாணவி ஒருத்தி, சிட்னிப் பகுதியில் பிரித்தானியக் குடியேறிகளை எதிர்த்துப் போராடிய பூர்வகுடி வீரர் பெமுல்வோயைத் தேர்ந்தெடுத்தாள். தானே தேடி வாசித்து, தானே எழுதி, மனப்பாடமும் செய்துவிட்டாள். போட்டிக்கு முந்திய இரவு அவள் பெற்றோருக்கு உங்களிடமிருந்து தகவல் போயிற்று: வேறொருவரைப் பற்றிப் பேசட்டும். ஒரே இரவில் இன்னொரு வீரரை எங்கே தேடுவாள்? போட்டியிலிருந்து விலகிக்கொண்டாள். ஆண்டு மலரில் அவள் கட்டுரைக்கு ஒதுக்கியிருந்த பக்கத்தில் இப்போது வீட்டுக்கடன் தரகர் ஒருவரின் விளம்பரம் முழு வண்ணத்தில் இருக்கிறது.

காரணம் கேட்டேன். மூன்று வரியில் பதில் வந்தது. இது நமக்குத் தொடர்பில்லாத விடயம். இது இந்த நாட்டு அரசியல். பெமுல்வோயின் தலையை வெட்டிய செய்தி பிள்ளைகளின் காதுக்கு ஏற்றதல்ல. எழுத்தில் வராத நான்காவது காரணத்தைக் கார் நிறுத்துமிடத்தில் ஓர் உறுப்பினர் சொன்னார்: "வந்த இடத்தில் நன்றியோடு இருக்க வேண்டும், மாஸ்டர்." மீண்டும் எழுதினேன். பதிலில்லை. ஆகவே இதைப் பெற்றோர்களும் வாசிக்கும்படி வெளியில் எழுதுகிறேன்.

தொடர்பில்லை என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் என்னை அதிகம் திகைக்க வைத்தது அதுதான்.

நம் பாடசாலைப் பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள்? டூங்காபி, பென்டில் ஹில், வென்ட்வொர்த்வில், ஜிரவீன், வெஸ்ட்மீட், பரமட்டா. மளிகைக் கடையும் புடவைக் கடையும் நகைக் கடையும் வரிசையாக நிற்கும் இந்த ஊர்களைச் சிட்னித் தமிழர்கள் சொந்த ஊர் போலவே சொல்லிக்கொள்கிறோம். அந்த மாணவியின் பேச்சு முழுக்க முழுக்க இந்த ஊர்களில் நடந்த போரைப் பற்றியது. டூங்காபியில் 1791 இல் அரசாங்கப் பண்ணை தொடங்கியது. கப்பலில் கொண்டுவரப்பட்ட கைதிகளை அடித்து வேலை வாங்கிக் காட்டை அழித்துச் சோளமும் கோதுமையும் பயிரிட்டார்கள். அந்தக் காடு இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான தாருக் மக்களின் காடு. 1797 மார்ச்சில் பெமுல்வோயின் ஆட்கள் அந்தப் பண்ணையைத் தாக்கினார்கள். ஆயுதம் தாங்கிய கூட்டமொன்று இரவு முழுவதும் அவர்களைத் துரத்திக்கொண்டு போய், களைத்துப் பரமட்டாவுக்குத் திரும்பியது. சற்று நேரத்தில் பெமுல்வோய் பெருங்கூட்டத்தோடு பரமட்டாவுக்கே வந்தார். ஒளிந்து வரவில்லை, நகரத்துக்குள் நேராக நடந்து வந்தார். ஈட்டி எறிந்தார். சிப்பாய்கள் சுட்டார்கள். குறைந்தது ஐந்து பேர் அங்கேயே விழுந்தார்கள். பெமுல்வோயின் தலையிலும் உடம்பிலுமாக ஏழு சன்னங்கள் பாய்ந்தன. இதையெல்லாம் எழுதிவைத்தவர் டேவிட் கொலின்ஸ், காலனியின் நீதி அதிகாரி. பூர்வகுடி மக்கள் பக்கத்து ஆள் அல்ல.

பிழைக்க மாட்டார் என்று எண்ணி மருத்துவமனையில் போட்டார்கள். காலில் விலங்கு மாட்டியிருந்தது. அந்த விலங்கோடு தப்பிப் போனார்.

என் மாணவி தன் பேச்சில் இந்த இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, "நீங்கள் வெள்ளிக்கிழமை மாலையில் மரக்கறி வாங்கப் போகும் பரமட்டாவில்" என்று தொடர்வாள். வகுப்பில் ஒத்திகை பார்த்தபோது, எப்போதும் மேசைக்கடியில் தொலைபேசியை வைத்துக்கொண்டிருக்கும் கடைசி வரிசைப் பையன்கள் இருவர் நிமிர்ந்து பார்த்தார்கள். எத்தனை ஆண்டுப் பேச்சுப்போட்டியில் அது நடந்திருக்கிறது, சொல்லுங்கள்.

பெமுல்வோய் என்ற பெயரில் பென்டில் ஹில்லுக்கு அருகே ஒரு குடியிருப்புப் பகுதியே இருக்கிறது. நம் பாடசாலைக் குடும்பங்கள் சில அங்கே வீடு வாங்கிப் பால் காய்ச்சிக் குடிபுகுந்திருக்கின்றன. நிர்வாகக் குழுவிலேயே ஒருவரின் அஞ்சல் முகவரியில் அந்தப் பெயர் இருக்கிறது. மின்கட்டணப் பட்டியலில் வரலாம், மேடையில் வரக்கூடாதா?

இப்போது அந்தத் தலைக்கு வருகிறேன். 1801 மே மாதம் ஆளுநர் கிங் ஒரு கட்டளை போட்டார். பரமட்டா, ஜோர்ஜஸ் ஆறு, புரொஸ்பெக்ட் பகுதிகளில் பூர்வகுடி மக்களைக் கண்டால் சுட்டு விரட்டலாம். அதே ஆண்டு நவம்பரில் பெமுல்வோயைச் சட்டத்துக்குப் புறம்பானவர் என்று அறிவித்து, உயிரோடோ பிணமாகவோ கொண்டுவருவோருக்குப் பரிசு வைத்தார். 1802 ஜூன் தொடக்கத்தில் பெமுல்வோய் சுட்டுக் கொல்லப்பட்டார். தலையை வெட்டி, சாராயத்தில் ஊறவைத்து, இங்கிலாந்திலிருந்த இயற்கையியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கப்பலில் அனுப்பினார்கள். கூடவே போன கடிதத்தில் கிங் எழுதுகிறார்: காலனிக்குப் பெருந்தொல்லையாக இருந்தாலும் துணிச்சல் மிக்கவர், எவருக்கும் அடங்காதவர். அந்தத் தலை இன்றுவரை திரும்பி வரவில்லை. 2010 இல் சிட்னி வந்த இளவரசர் வில்லியமிடம்கூடப் பூர்வகுடி மூத்தோர் இதைக் கேட்டிருக்கிறார்கள்.

பிள்ளைகளின் காதுக்கு ஏற்றதல்ல என்கிறீர்கள். நம் ஆண்டு விழாவில் மேடையேறும் கட்டபொம்மனை நினைத்துப் பாருங்கள். பசை காய்ந்து ஒரு பக்கம் பிரிந்து தொங்கும் மீசையை இடது கையால் அழுத்திக்கொண்டே வரி, வட்டி என்று முழங்கும் ஏழு வயதுப் பையனுக்கு முன்வரிசையில் நீங்கள் எல்லோரும் கைதட்டுகிறீர்கள். அந்தப் பையனின் கதை எப்படி முடிகிறது? 1799 அக்டோபரில் கயத்தாற்றில் புளியமரத்தில் தூக்கு. தானாபதி சுப்பிரமணிய பிள்ளையின் தலையை வெட்டிப் பாஞ்சாலங்குறிச்சியில் கழியில் குத்திவைத்தார்கள். அடுத்த ஆண்டு விழாவில் மருது சகோதரர்கள் வருகிறார்கள், 1801 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டவர்கள். அதற்கடுத்த ஆண்டு பண்டாரவன்னியன், முல்லைத்தீவுக் கோட்டையைப் பிரித்தானியரிடமிருந்து பறித்துவிட்டு 1803 அக்டோபரில் கற்சிலைமடுவில் தோற்றவர். இந்த மூன்று பேரோடும் பெமுல்வோயின் ஆண்டுகளை வைத்துப் பாருங்கள். 1790 முதல் 1802 வரை. அதே அரசன், அதே சீருடை, அதே ஆயுதம். கட்டபொம்மன் தூக்கில் தொங்கிய ஆண்டிலும் பெமுல்வோய் இங்கே போராடிக்கொண்டுதான் இருந்தார். நம் பிள்ளைகளுக்குத் தலை வெட்டிய கதைகள் புதிதே அல்ல. வெட்டப்பட்ட தலை நம்முடையதாக இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் நிபந்தனையோ என்று சந்தேகப்பட வைக்கிறீர்கள்.

இன்னும் நெருக்கமான தொடர்பு வேண்டுமென்றால் லாக்லன் மக்குவாரியைப் பாருங்கள். அவர் பெயரில் பல்கலைக்கழகம் இருக்கிறது, நம் பழைய மாணவர்கள் பலர் அங்கே பட்டம் வாங்கிய படத்தை ஆண்டு மலரில் போடுகிறோம். நியூ சவுத் வேல்ஸுக்கு ஆளுநராக வருவதற்கு முன் அந்த மனிதர் எங்கே இருந்தார்? 1795 இல் ஒல்லாந்தரிடமிருந்து கொச்சியைப் பிடித்த படையில் இருந்தார். 1796 இல் கொழும்பும் காலியும் பிரித்தானியர் கைக்கு மாறியபோது அங்கே இருந்தார். 1799 இல் திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணத்தை வளைத்த படையில் இருந்தார். அந்த அனுபவத்தோடு சிட்னி வந்து 1810 இல் பதவியேற்றார். 1816 ஏப்ரலில் மூன்று படைப்பிரிவுகளை அனுப்பி, நிற்காமல் ஓடுவோரைச் சுடவும், கொல்லப்பட்ட ஆண்களை மற்றவர்கள் கண்டு நடுங்கும்படி மரங்களில் தொங்கவிடவும் ஆணையிட்டார்.

ஏப்ரல் 17 ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின், நிலவு வெளிச்சத்தில், கேப்டன் வாலிஸின் சிப்பாய்கள் சிட்னிக்குத் தெற்கே அப்பின் என்ற ஊருக்கு அருகே, பூர்வகுடிகளான தரவால் மக்கள் தங்கியிருந்த இடத்தை நெருங்கினார்கள். நெருப்பு எரிந்துகொண்டிருந்தது, ஆட்களைக் காணவில்லை. தேடிக்கொண்டிருந்தபோது ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டது. வாலிஸே தன் அறிக்கையில் எழுதுகிறார். அந்த அழுகையை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். நாய்கள் குரைத்தன, சிப்பாய்கள் சுடத் தொடங்கினார்கள். பின்னால் துப்பாக்கி, முன்னால் கட்டராக்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கு. சுடப்பட்டவர்கள் சிலர், மலைவிளிம்பிலிருந்து விழுந்தவர்கள் பலர். அறிக்கையின் கணக்கு பதினான்கு பிணங்கள். உயிரோடு பிடிபட்டவர்கள் இரண்டு பெண்கள், மூன்று குழந்தைகள். இருவரின் உடல்களைக் கயிறு கட்டி மேலே இழுத்து மரத்தில் தொங்கவிட்டார்கள். தலைகள் எடின்பரோவுக்குப் போயின, 1991 இல்தான் மண்டையோடுகள் அவுஸ்திரேலியாவுக்குத் திரும்பின. நம் ஊரிலிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணம் அந்த இடம். கடல் கடந்து போய் ஒல்லாந்தர் கோட்டைச் சுவர்களை வெள்ளைச்சுண்ணாம்பு அடித்த நிலையில் பார்த்துப் படம் எடுத்துவரும் நாம், அந்தக் கோட்டைகளைக் கைப்பற்றிய படையில் இருந்தவர் இங்கே வந்து என்ன செய்தார் என்பதை நமக்குத் தொடர்பில்லாத விடயம் என்கிறோம்.

அதே மக்குவாரி பரமட்டாவில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளியும் வைத்தார், 1815 ஜனவரியில். பெற்றோரிடமிருந்து பிரித்துத் தங்கவைத்துப் படிப்பித்த பள்ளி. 1819 இல் நடந்த பொதுத்தேர்வில் சுமார் நூறு வெள்ளைக்காரப் பிள்ளைகளை முந்தி முதற்பரிசு வாங்கியவள் ஒரு தாருக் சிறுமி. மேடை கொடுத்தால் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதற்கு இந்த ஊரில் இருநூறு ஆண்டுக்கு முந்திய சாட்சி அது.

அரசியல் என்கிறீர்கள். எது அரசியல்? பூர்வகுடி மக்களுக்கு அரசியலமைப்பில் இடம் கேட்ட 2023 வாக்கெடுப்பைப் பற்றி அந்த மாணவி ஒரு வார்த்தை எழுதவில்லை. எந்தக் கட்சியையும் தொடவில்லை. ஏன் போர் வந்தது என்று ஒரு பத்தி எழுதியிருந்தாள், அவ்வளவுதான். அதில் உள்ளது இது. ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில் பூர்வகுடி மக்கள் தோண்டி உண்ட காட்டுவள்ளிக் கிழங்கு விளைந்தது. 1794 இலிருந்து அந்தக் கரையையே குடியேறிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, கிழங்கு இருந்த இடத்தில் சோளம் போட்டார்கள். சோளம் முற்றியபோது ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாகப் போர்வைகளும் வலைகளும் கொண்டுவந்து தங்கள் நிலத்தில் விளைந்ததை அள்ளிக்கொண்டு போனார்கள். குடியேறிகள் அதற்குத் திருட்டு என்று பெயர் வைத்துச் சுட்டார்கள். 1795 இல் அறுபதுக்கும் மேற்பட்ட சிப்பாய்களை, அப்போது காலனியை நிர்வகித்த பேட்டர்சன் அங்கே அனுப்பினார்.

1804 இறுதியில் கிங் லண்டனுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. ஏன் சண்டை போடுகிறீர்கள் என்று அவர் பூர்வகுடி மக்களையே கேட்டிருக்கிறார். ஆற்றங்கரையில் எங்களுக்கு மிச்சமிருக்கும் சில இடங்களிலிருந்தும் விரட்டுகிறார்கள், கீழே கீழே என்று தள்ளிக்கொண்டே போகிறார்கள், வெள்ளைக்காரன் நிலத்தைக் கடந்தாலே சுடுகிறார்கள், மிச்சத்தையாவது விட்டுவைத்தால் சண்டைக்கு வரமாட்டோம் என்றார்கள். இது நியாயமான கோரிக்கையாகத் தெரிந்ததால் இனி ஆற்றின் கீழ்ப்பகுதியில் நிலம் கொடுப்பதில்லை என்று உறுதி சொன்னதாக ஆளுநரே எழுதுகிறார். பெமுல்வோயின் தலையை அனுப்பிய அதே ஆளுநர். இந்தப் பதிலை வாசித்துவிட்டு, வன்னியிலோ வலிகாமத்திலோ காணி இழந்த நம்மவர் எவராவது இது நமக்குப் புரியாத அரசியல் என்று சொல்ல முடியுமா?

நீதிமன்றம் இருந்ததே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். இருந்தது. 1799 இல் ஹாக்ஸ்பரியில் இரண்டு பூர்வகுடிச் சிறுவர்களைக் கொன்ற ஐந்து குடியேறிகளை நீதிமன்றம் குற்றவாளிகள் என்றும் சொன்னது. தண்டனை என்ன என்று லண்டனைக் கேட்டார்கள். மன்னிப்பு வந்தது. 1805 இல் நீதி அதிகாரி அட்கின்ஸ், பூர்வகுடி மக்களை நீதிமன்றத்தில் நிறுத்தி விசாரிக்க இயலாது, ஆகவே துரத்திப் போய்த் தக்கபடி தண்டிப்பதே வழி என்று எழுத்தில் கருத்துச் சொன்னார்.

"அந்தக் காலத்து வழக்கம் அது, இன்றைய அளவுகோலை வைத்து அளக்கக்கூடாது" என்பதும் உங்களில் ஒருவர் வாதம். அந்தக் காலத்திலேயே அளந்தவர் ஒருவர் இருந்தார். 1790 டிசம்பரில் ஆளுநரின் வேட்டைக்காரர் மக்கின்டயரைப் பெமுல்வோய் ஈட்டியால் குத்தினார். மக்கின்டயரைக் கண்டாலே பூர்வகுடி மக்கள் அஞ்சி வெறுத்தார்கள் என்று டென்ச் என்ற அதிகாரி பதிந்திருக்கிறார். ஆளுநர் பிலிப் அந்த டென்சையே கூப்பிட்டு, இரண்டு பேரைப் பிடித்துவா, பத்துப் பேரைக் கொன்று தலைகளைக் கொண்டுவா என்றார். தலை வெட்டக் கோடரியும் போட்டுவரப் பையும் கொடுக்கப்படும் என்றார். டென்ச் பேசிப் பேசி அந்தப் பத்தை ஆறாகக் குறைத்தார், முதலில் பிடிக்கப் பார்ப்போம், முடியாவிட்டால் சுடுவோம் என்று. அந்தப் படையோடு போகும்படி கட்டளையிடப்பட்டவர்களில் ஒருவர் லெப்டினன்ட் வில்லியம் டாவ்ஸ். பட்யெகராங் என்ற இளம்பெண்ணிடம் உட்கார்ந்து சிட்னி மக்களின் மொழியைக் கற்று ஏட்டில் எழுதிவைத்தவர். அவர் போக மறுத்தார். பாதிரியார் சமாதானப்படுத்தியபின் போனார், திரும்பி வந்து, போயிருக்கவே கூடாது, இனி இப்படியொரு கட்டளைக்குக் கீழ்ப்படிய மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஆண்டு கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். படை சேற்றில் புதைந்து, ஒருவரையும் பிடிக்காமல் வெறுங்கையோடு திரும்பியது என்பது தனிக் கதை. டென்ச் அதை நகைச்சுவையாகவே எழுதியிருக்கிறார். மொழியைக் கற்றவருக்கு அந்த மக்களைச் சுடக் கை வரவில்லை. மொழி கற்பிக்கும் பாடசாலை ஒன்று இதைப் பாடமாக வைக்காமல் வேறெதை வைக்கும்?

முருகன் கோயில் வாசலில் ஓடும் கிரேட் வெஸ்டர்ன் நெடுஞ்சாலையில் மேற்கே போய்க்கொண்டே இருந்தால் நீல மலைகளைக் கடந்து பாதர்ஸ்ட் வரும். 1815 இல் வண்டிப்பாதை திறந்தபின் மந்தைகளும் குடியேறிகளும் அந்த வழியாகத்தான் விரஜுரி என்ற பூர்வகுடி மக்களின் சமவெளிக்குள் இறங்கினார்கள். 1824 ஆகஸ்டில் ஆளுநர் பிரிஸ்பேன் அங்கே இராணுவச் சட்டம் பிறப்பித்தார். நான்கு மாதத்தில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று யாரும் எண்ணிவைக்கவில்லை. அந்த டிசம்பர் முடிவில் விண்ட்ரடைன் என்ற விரஜுரித் தலைவர் தன் மக்களோடு மலைகளை நடந்து கடந்து பரமட்டாவில் ஆளுநர் வைத்த விருந்துக்கு வந்தார். தொப்பியில் சமாதானம் என்று எழுதிய சீட்டு இருந்தது. கார்த்திகைத் தீபத்துக்கும் தைப்பூசத்துக்கும் நாம் கார் நிறுத்த இடம் தேடும் சாலை அது.

நன்றியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் இந்த நாட்டின் மீது நன்றி உண்டு. விசா தந்தது, என் பிள்ளைகளைப் படிக்க வைத்தது, நள்ளிரவில் கதவைத் தட்டும் சத்தத்துக்குப் பயப்படாமல் தூங்க வைத்தது. ஆனால் நன்றி யாருக்கு என்று ஒரு கேள்வி இருக்கிறது. வீடு வாங்கும்போது நில உரிமையின் பூர்வீகத்தைப் பின்னால் பின்னால் தேடிக்கொண்டு போனால், முதல் வரியில் நிற்பது முடியரசு இன்னாருக்கு வழங்கிய நிலம் என்பதுதான். முடியரசுக்கு யார் கொடுத்தார் என்று கேட்டால் பத்திரத்தில் பதிலில்லை. 1992 இல் மாபோ வழக்கில் உயர் நீதிமன்றமே அது எவருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற கதையைத் தூக்கி எறிந்துவிட்டது. நாம் மட்டும் ஏன் அந்தக் கதையைக் காப்பாற்ற வேண்டும்?

யாரும் நம்மைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. நியூ சவுத் வேல்ஸின் வடக்கேயுள்ள மையால் கிரீக்கில் 1838 ஜூன் 10 அன்று குறைந்தது இருபத்தெட்டுப் பூர்வகுடி மக்களை, பெரும்பாலும் பெண்களையும் பிள்ளைகளையும் முதியோரையும், கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போய் வெட்டிக் கொன்றார்கள். ஏழு பேர் அதற்காகத் தூக்கிலிடப்பட்டனர். குதிரையில் தலைமை தாங்கி வந்த நிலக்காரர் ஃபிளெமிங் மட்டும் பிடிபடவே இல்லை. அங்கே 2000 இல் நினைவுக்கல் வைத்தவர்களில் கொல்லப்பட்டோரின் வழிவந்தவர்களும் இருந்தார்கள், கொன்றோரின் வழிவந்தவர்களும் இருந்தார்கள். ஆண்டுதோறும் ஜூனில் இரு தரப்பும் ஒன்றாக நிற்கிறார்கள். கொன்றவர்களின் பேரப்பிள்ளைகளாலேயே கேட்டுக்கொண்டு நிற்க முடிகிறது. நமக்கு என்ன கூச்சம்?

உங்களுக்கு ஓர் அறிக்கையை நினைவூட்ட வேண்டும். 2021 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இரவோடிரவாக இடிக்கப்பட்டபோது இந்தப் பாடசாலை கண்டன அறிக்கை வெளியிட்டது. இறந்தோரை நினைவுகூர்வது அரசியல் அல்ல, மனித உரிமை என்று அதில் எழுதினீர்கள். வரைவைத் திருத்திக் கொடுத்தவன் நான், ஆகவே வரி தெரியும். அந்த அறிக்கையை இந்த நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்பினோம். எங்கள் இறந்தோரைப் பற்றிக் கேளுங்கள் என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டே, அவர்கள் நிற்கும் மண்ணில் இறந்தோரைப் பற்றி நம் பிள்ளை பேசினால் வாயை மூடச் சொல்கிறோம். இரண்டு போர்களும் ஒன்றென்று நான் சொல்லவில்லை, ஒன்றல்ல. இரண்டுக்கும் உங்கள் வாயிலிருந்து வரும் விதி ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறேன்.

அதே பேச்சுப்போட்டி அன்று காலையில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். நிகழ்ச்சி இருபது நிமிடம் பிந்திவிட்டது. அறிவிப்பாளர் தொலைபேசியைப் பார்த்து, இந்நிலத்தின் மரபுவழி உரிமையாளர்களான தாருக் மக்களை மதிக்கிறோம் என்ற வாசகத்தை ஒரே மூச்சில் ஆங்கிலத்தில் வாசித்தார். தாருக் என்ற பெயர் அவர் வாயில் வேறெதுவாகவோ வந்தது. வாசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒருவர் ஒலிவாங்கியைத் தட்டிச் சோதித்தார். மண்டபத்தின் பின்புறம் ரோல்ஸும் தேநீரும் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தவும் இல்லை. அடுத்து விளக்கேற்ற அழைத்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். தாருக் மக்களை மதிக்கிறோம் என்று அறிவித்த அந்த மேடையில், தாருக் நிலத்துக்காகப் போராடிய பெமுல்வோயைப் பற்றிப் பேசவிருந்த பிள்ளை அன்று வீட்டில் இருந்தாள்.

இனிக் கேட்க வேண்டியவற்றைக் கேட்கிறேன்.

அந்த மாணவிக்கும் பெற்றோருக்கும் நிர்வாகக் குழு எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். தலைப்பு விதிகளுக்கு உட்பட்டதாகவே இருந்தது, மாற்றச் சொன்னது தவறு என்ற இரண்டு வாக்கியம் போதும். அவள் பேச்சை வரும் ஆண்டு விழாவில், ஒரு சொல்லும் வெட்டாமல், மாலை நேரத்து முக்கிய நிகழ்ச்சிகளுக்கு நடுவே பேச விடுங்கள். எல்லோரும் உணவுக்குப் போனபின் அல்ல. கட்டுரையை அடுத்த ஆண்டு மலரில் வெளியிடுங்கள். பக்கச் செலவுக்கு விளம்பரம்தான் தேவை என்றால் அந்தப் பக்கத்தின் முழுத் தொகையையும் நான் கட்டுகிறேன்.

மேற்பிரிவின் வரலாற்றுப் பாடத்தில் கட்டபொம்மன், பண்டாரவன்னியன் அலகுக்குப் பக்கத்தில் பெமுல்வோயையும் விண்ட்ரடைனையும் சேர்க்க வேண்டும். பாடத்தை எழுதித் தர நானும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் தயார். ஆனால் நாங்கள் எழுதுவது போதாது. தாருக் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரை முறைப்படி அழைத்து, வந்து பேசுவதற்கு உரிய கட்டணம் கொடுத்து, எங்கள் பாடத்தை அவரிடம் காட்டித் திருத்தம் கேட்க வேண்டும். பொன்னாடையும் நினைவுப்பரிசும் கட்டணம் ஆகாது. நிகழ்ச்சித் தொடக்கத்தில் நிலத்தின் மக்களை மதிக்கும் வாசகத்தை ஆங்கிலத்தோடு தமிழிலும், ஒரு மாணவரைக் கொண்டு, பெயர்களைச் சரியாக உச்சரித்து, அவை அமைதியான பின் வாசிக்கச் செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. ஆண்டுதோறும் மேற்பிரிவுப் பிள்ளைகளை நீர்ப் பூங்காவுக்கு அழைத்துப் போகிறோம். ஓர் ஆண்டு மட்டும் அந்த பஸ்ஸைப் புரொஸ்பெக்ட் குன்றுக்குத் திருப்புங்கள். 1805 மே மாதம் பூர்வகுடிப் பெண்கள் முன்வந்து குடியேறிகளோடு சமாதானம் பேசிய இடம் அது. பாடசாலையிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது, நுழைவுக் கட்டணமும் இல்லை.

பதிலை எழுத்தில், ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னதாகத் தாருங்கள். வராவிட்டால் மேலே கேட்டவற்றைத் தீர்மானமாக அந்தக் கூட்டத்தில் முன்மொழிவேன். வழிமொழிய இரண்டு பெற்றோர் ஏற்கெனவே கையொப்பமிட்டுத் தந்துவிட்டார்கள். நிகழ்ச்சி நிரலில் "வேறு விடயங்கள்" என்ற கடைசி வரியில் தள்ளாமல் தனி இலக்கம் கொடுத்துச் சேர்க்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

மேற்பிரிவு ஆசிரியர்